கால் கடுக்க நிற்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி: எது முதலில், எது கடைசியில்

எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ நின்றே வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கவுண்டர், சமையலறை, பேக்கிங் லைன், வார்டு, வகுப்பறை என்று இடம் எதுவானாலும் பாதத்துக்கு ஒன்றுதான். பல வருடம் பேக்கிங் மேசையில் நின்றவன் நான். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை பழக்குகிறேன். முதல் வாரத்தில் அவர்களைத் திணறடிப்பது வேலை இல்லை, கால்தான்.

திணறுகிற விதமும் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் குதிகால் வலிக்கும். மூன்றாம் நாள் தடிமனான ஜெல் இன்சோல் ஒன்றை வாங்கி, ஏற்கெனவே இறுக்கமாக இருக்கிற ஷூவுக்குள் திணித்துக்கொண்டு வருவார்கள். நான்காம் நாள் குதிகால் வலி போகாமல் இருக்க, விரல்களும் மரத்துப்போகும். இன்சோல் மேல் தப்பில்லை, அது வந்த வரிசைதான் தப்பு. கீழே அது ஆறாவதாக வருவதற்குக் காரணம் அதுதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தடித்த அட்டை (பழைய பெட்டியின் ஒரு பக்கம் போதும்), பேனா, ஸ்கேல், கத்தரிக்கோல், அழியாத மார்க்கர், டென்னிஸ் பந்து மாதிரி ஒரு சின்னப் பந்து. இதில் பெரிதாகச் செலவு வைப்பது ஷூதான். அதை மூன்றாவது படி வரை வாங்க வேண்டாம்.

இரண்டு மூன்று வாரப் பொறுமையும் வேண்டும். ஷூ, சாக்ஸ், இன்சோல் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை மாற்றுங்கள், மூன்று நான்கு ஷிப்ட் பாருங்கள், அப்புறம் அடுத்தது.

1. வலி எந்த இடத்தில் என்று குறித்து வையுங்கள்

மூன்று நாளைக்கு, ஷிப்ட் முடிந்ததும் போனில் ஒரு வரி எழுதுங்கள்: எங்கே வலித்தது, எத்தனை மணிக்குத் தொடங்கியது, ஒரு காலா இரண்டு காலா. ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. இடம் மாறினால் காரணமும் மாறும். மொத்தமாக "கால் வலி" என்று வைத்துக்கொண்டால் எதைச் சரிசெய்வது என்றே தெரியாது.

காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கிற முதல் சில அடிகளில் குதிகாலின் அடியில் சுரீரென்று குத்தி, கொஞ்சம் நடந்ததும் குறைகிறதா? குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை பாதிக்கப்பட்டிருக்கலாம். குதிவாதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இவர்களுக்கு 6, 10 ஆகிய படிகள் முக்கியம்.

விரல்களுக்குச் சற்றுப் பின்னால், நடக்கும்போது தரையில் அழுந்துகிற மேட்டுப் பகுதியில் எரிந்தால், ஷூவின் குதி உயரத்தையும் முன்பக்க அகலத்தையும் பாருங்கள். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவில் மரத்துப்போனாலோ, சாக்ஸ் மடிந்து உள்ளே கிடப்பதுபோல் தோன்றினாலோ, அங்கே ஓடும் நரம்பு நசுங்குகிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். புறங்கால் வலித்தால் லேஸைச் சந்தேகப்படுங்கள்.

பாதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் கெண்டைக்கால் பாரமாக இருக்கிறது, சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் ஆழமாகத் தடம் விழுந்திருக்கிறது என்றால், எந்த விலை ஷூவும் அதைத் தீர்க்காது. நேராக எட்டாவது படியைப் படித்துவிட்டு மற்றதுக்கு வாருங்கள்.

சிலர் இங்கேயே நின்று மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றைக்கே போங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். விரல் நுனியால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே எலும்பில் வலி நிற்கிறதென்றால் மயிரிழை முறிவாக இருக்கலாம். இரவு தூங்கி எழுந்தும் இரண்டு காலிலும் வீக்கம் வற்றவில்லையென்றால், நிற்பதைத் தாண்டி வேறு காரணம் இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வலி இல்லாவிட்டாலும் ஒருமுறை பாதத்தைக் காட்டிவிடுவது நல்லது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஷூ கடித்தாலும் தெரியாது.

2. பாதத்தை ஷிப்ட் முடிந்த பிறகு அளங்கள்

அட்டையைத் தரையில் சுவரை ஒட்டி வையுங்கள். வேலைக்குப் போடுகிற சாக்ஸோடு அதன் மேல் ஏறி, குதிகால் சுவரில் இடிக்கும்படி நில்லுங்கள். எடை இரண்டு காலிலும் சமமாக இருக்க வேண்டும். வேறொருவர் பேனாவை நிமிர்த்திப் பிடித்து பாதத்தைச் சுற்றி வரையட்டும். நீங்களே குனிந்து வரைந்தால் எடை முன்னால் சாய்ந்து வடிவம் மாறிவிடும்.

நாள் முழுக்க நின்ற பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். எடை ஏறும்போது நீளமும் அகலமும் கூடும். காலையில் உட்கார்ந்தபடி அளந்தால் ஷிப்டின் முதல் மணி நேரத்துக்குப் பொருந்துகிற ஷூதான் கிடைக்கும், உங்களுக்கு வேண்டியதோ கடைசி மணி நேரத்துக்குப் பொருந்துகிற ஷூ.

இரண்டு காலையும் வரையுங்கள். அநேகம் பேருக்கு ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். நீளத்தைப் பெருவிரல் வரைக்கும் என்று அளந்துவிடாதீர்கள். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம்.

இப்போது கத்தரித்து எடுங்கள். தற்போது போடுகிற ஷூவின் உள்ளே கழன்று வருகிற இன்சோல் இருந்தால் அதை உருவி, அட்டைப் பாதத்தின் மேல் வையுங்கள். அட்டை எங்கே வெளியே தெரிகிறதோ, அங்கேதான் ஷூ உங்களை நசுக்குகிறது.

சேர்ந்து பத்து நாள் ஆன ஒரு பையன், கவுண்டருக்குப் பின்னால் போய் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டுக் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்பான். அவனுக்கு இதைச் செய்து பார்த்தோம். அட்டை சுண்டுவிரல் பக்கம் ஒரு விரற்கடை அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "ஸ்கூல்லேர்ந்து இதே நம்பர்தாண்ணே போடறேன்" என்றான். பள்ளிக்கூடத்து நம்பரிலேயே நிற்கிறவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை. வயது ஏறும்போது பாதம் அகலமாகும், எடை கூடினாலும் அகலமாகும். கர்ப்ப காலத்தில் தசைநார்கள் தளர்ந்து பாதம் நீண்டுவிட்டால், பிரசவத்துக்குப் பிறகும் அப்படியே நின்றுவிடுவதுண்டு. கடைசியாக எப்போது அளந்தோம் என்று நினைவில்லை என்றால், அந்த நம்பரை நம்பாதீர்கள்.

3. ஷூவைத் தேர்ந்தெடுங்கள்

கடைக்குச் சாயங்காலம் போங்கள், முடிந்தால் ஷிப்ட் முடிந்த கையோடு. சாக்ஸையும் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் அட்டை மாறாது.

முதலில் நீளம். எழுந்து நின்று பார்த்தால், நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் காலி இடம் இருக்க வேண்டும். அடுத்து அகலம். உள்ளே ஐந்து விரலையும் பியானோ வாசிப்பதுபோல் தனித்தனியாக அசைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் நீளத்தில் ஒரு நம்பர் கூட்டுவதற்குப் பதில் அதே நம்பரில் அகலமான வடிவம் கேளுங்கள். நீளத்தைக் கூட்டினால் பாதம் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கும், வழுக்குகிற இடத்தில் கொப்புளம் வரும்.

மூன்றாவது, கையால் பார்க்கிற சோதனை. குதிப்பகுதியின் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், எளிதில் மடங்கக் கூடாது. ஷூவின் முனையைப் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் உள்ளங்கால் வளைவுக்கு ஆதாரம் இல்லை என்று அர்த்தம். இரண்டு முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். அதிகம் முறுக்கிக்கொள்ளாத ஷூ நல்லது.

குதி உயரம் 1 முதல் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நாள் முழுக்கத் தாங்கும். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் உடம்பு எடையில் பெரும்பங்கு பாதத்தின் முன்பகுதிக்குப் போய்விடும், கெண்டைத்தசையும் சுருங்கியே இருக்கும். உடை விதி காரணமாகக் குதி வைத்ததைத்தான் போட வேண்டும் என்றால், உயரத்தைக் குறைத்து அகலக் குதியாக எடுங்கள். வழியில் வேறு செருப்பைப் போட்டு வந்து, வேலை இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மெத்து மெத்தென்று இருப்பதுதான் சொகுசு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். மெத்தையின் மேல் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கணுக்கால் ஓயாமல் சமநிலை தேடிக்கொண்டே இருக்கும். மிக மென்மையான அடிப்பாகமும் அப்படித்தான். கடையில் இரண்டு நிமிடம் சுகமாக இருக்கும், ஆறாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் சோர்ந்துவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி உடனே எழும்புகிற அடிப்பாகம்தான் சரி.

ஈரமோ எண்ணெயோ சிந்துகிற தரை என்றால் வழுக்காத அடிப்பாகம் கட்டாயம். வழுக்கும் என்ற பயத்திலேயே விரல்களை மடக்கித் தரையைப் பற்றியபடி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சாயங்காலம் பாதமே பிடித்துக்கொள்ளும். இரும்புமூக்கு வைத்த பாதுகாப்பு ஷூ போடுகிறவர்கள் அகலத்தில் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள், இரும்பு நெகிழாது.

"போடப் போட லூசாயிடும்" என்று கடையில் சொல்வார்கள். தோல் ஷூ அகலத்தில் கொஞ்சம் இளகும், அது உண்மை. நீளத்தில் ஒருபோதும் இளகாது. கடையிலேயே வலித்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

புது ஷூவை முதல் நாளே முழு ஷிப்டுக்குப் போடாதீர்கள். முதல் நாள் இரண்டு மணி நேரம், மறுநாள் நான்கு, அதற்கடுத்த நாள் ஆறு என்று ஏற்றுங்கள். பழையதைப் பையில் வைத்திருங்கள். கைக்கு முடிந்தால் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. ஒரு ஷிப்டின் வியர்வை காய ஒரு முழு நாளாவது வேண்டும், ஈரம் காயாத ஷூவில் கொப்புளமும் பூஞ்சையும் சீக்கிரம் வரும்.

4. சாக்ஸ்

பருத்தி உறிஞ்சும், ஆனால் உறிஞ்சியதை விடாது. நனைந்த பருத்தி தோலோடு ஒட்டி உரசும். அதிகம் வியர்க்கிறவர்களுக்குச் செயற்கை நூலோ மெல்லிய கம்பளியோ கலந்தது மேல். விரல் நுனியில் தடித்த தையல் இருக்கக் கூடாது. பையில் எப்போதும் இன்னொரு ஜோடி இருக்கட்டும், நடுவேளையில் மாற்றிப் பாருங்கள், பாதி நாள் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கும்.

வீக்கமும் பாரமும்தான் பிரச்சினை என்றால் அழுத்த சாக்ஸ் உதவும். கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தி, ரத்தம் தேங்காமல் மேலேறத் துணை செய்யும். பெட்டியில் 15-20 என்று பாதரச மில்லிமீட்டர் அளவு போட்டிருப்பது தொடக்கத்துக்குப் போதும். காலையில் வீக்கம் ஏறும் முன்பே போட வேண்டும், வீங்கிய பிறகு மாட்டினால் சரியாக உட்காராது. மேல்விளிம்பை உருட்டி மடக்கக் கூடாது, அது கயிறு கட்டியது மாதிரி இறுக்கிவிடும். காலில் ரத்த ஓட்டக் குறைவு இருப்பவர்களும் சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைப் போட வேண்டாம்.

5. லேஸைக் கட்டுகிற விதம்

இதற்குச் செலவே இல்லை. அதனாலோ என்னவோ யாரும் மதிப்பதும் இல்லை. லேஸைக் கட்டியபடியே விட்டு, குதியை மிதித்துக் காலை நுழைக்கிறவர்கள்தான் பாதிப் பேர். அப்படிச் செய்தால் பின்சுவர் மடிந்து சாகும், குதிகாலுக்குப் பிடிமானமும் போய்விடும்.

ஒவ்வொரு முறையும் அவிழ்த்து, காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார வைத்து, அப்புறம் கட்டுங்கள். குதிகால் தூக்கித் தூக்கி விழுந்தால், ஷூவின் மேற்கடைசியில் ஒதுக்குப்புறமாக இருக்கிற அந்த உபரி ஓட்டையைப் பயன்படுத்துங்கள். லேஸை அதே பக்கத்து உபரி ஓட்டைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் உண்டாக்குங்கள். மறுபக்கமும் அப்படியே. இந்தப் பக்கத்து நுனியை அந்தப் பக்கத்து வளையத்துக்குள்ளும் அந்தப் பக்கத்து நுனியை இந்தப் பக்கத்து வளையத்துக்குள்ளும் கோத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாது, விரல்கள் முன்னால் போய் இடிக்காது.

புறங்காலில் ஒரு இடம் மட்டும் வலித்தால், அந்த இடத்துக்கு மேல் லேஸைக் குறுக்கே கொண்டுபோகாதீர்கள். அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றி, அடுத்த ஓட்டையிலிருந்து மறுபடி குறுக்கே போடுங்கள்.

மதியத்துக்கு மேல் ஒருமுறை லேஸைத் தளர்த்திக் கட்டுங்கள். கால் வீங்கியிருக்கும், காலையில் கட்டிய முடிச்சுக்கு அது தெரியாது.

6. இப்போது இன்சோல்

சரியான ஷூவில் ஐந்தாறு ஷிப்ட் நின்ற பிறகும் வலி இருந்தால்தான் இது. ஷூ பொருந்தியதுமே பலருக்கு இது தேவைப்படாமல் போய்விடும்.

ஷூவோடு வந்த இன்சோலை உருவிவிட்டு அந்த இடத்தில் புதியதைப் போட வேண்டும். அதன் மேலேயே போட்டால் பாதம் உயர்ந்து, புறங்கால் ஷூவின் மேல்பாகத்தில் அழுந்தும், குதிகால் பின்சுவரை விட்டு மேலே வந்துவிடும். தொடக்கத்தில் சொன்ன நான்காம் நாள் மரத்துப்போதல் இப்படித்தான் வருகிறது.

குதிகால் வலிக்கு, வெறும் ஜெல்லைவிட, குதியைக் கிண்ணம் போல் ஏந்தி வளைவுக்குக் கீழே கொஞ்சம் உறுதியாகத் தாங்குகிறதே மேல் என்பது என் அனுபவம். வளைவு மேடு உங்கள் வளைவுக்கு நேராக உட்கார வேண்டும். குதிப்பக்கம் தள்ளியிருந்தால் உள்ளே கல் மாட்டியது மாதிரி உறுத்தும். கத்தரிக்க வேண்டியிருந்தால் விரல் பக்கம் மட்டும், பழைய இன்சோலை மேலே வைத்து வரைந்துகொண்டு கத்தரியுங்கள்.

இதையும் முதல் நாள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்குங்கள். மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவதும் உண்டு. ஆனால் அதற்குப் போகும் முன் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதைப் பார்த்துவிடலாம்.

7. தரையும் மேசையும்

கான்கிரீட்டும் டைல்ஸும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. ஒரே இடத்தில் நிற்கிற வேலை என்றால், நிற்பவர்களுக்கென்று விற்கும் ரப்பர் அல்லது நுரைப் பாயைக் கேட்டுப் பாருங்கள். 1 முதல் 2 சென்டிமீட்டர் தடிமன், தடுக்காதபடி சரிந்த விளிம்பு, அடியில் வழுக்காத பிடி, இந்த மூன்றும் இருக்க வேண்டும். பாய் கொஞ்சமாக நெளிவதால் கால் தசைகள் சின்னச் சின்னதாக வேலை செய்துகொண்டே இருக்கும், அதுதான் அதன் பயன். கால் புதைகிற அளவுக்கு மென்மையானது வேண்டாம். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு நிற்கிறவர்கள் உண்டு. அரை மணி நேரத்தில் அது அப்பளமாக நசுங்கிவிடும், நனைந்தால் வழுக்கும்.

மேசை உயரத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். மேசை தாழ்வாக இருந்தால் குனிவீர்கள். குனிந்தால் எடை பாதத்தின் முன்பகுதிக்குப் போகும், விழாமல் பிடித்துக்கொள்ள கெண்டைத்தசை நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும். சாதாரணக் கைவேலைக்கு மேசை முழங்கைக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே இருக்கலாம். கண்ணை ஊன்றிச் செய்கிற நுணுக்கமான வேலைக்கு முழங்கைக்கு 5 சென்டிமீட்டர் மேலே, அழுத்தித் தள்ளுகிற பாரமான வேலைக்கு 20 முதல் 40 சென்டிமீட்டர் கீழே. உயரமானவர்கள் மேசைக்காலுக்குக் கட்டை வைத்து ஏற்றலாம், குள்ளமானவர்கள் அகலமான மேடை ஒன்றின் மேல் நிற்கலாம்.

கூடவே 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டையோ உறுதியான பெட்டியோ காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலை அதன் மேல் வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இடுப்பு இறுக்கம் தளரும், ஒவ்வொரு பாதத்துக்கும் முறைவைத்து ஓய்வும் கிடைக்கும்.

8. அசையாமல் நிற்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால், இதைத்தான் கைகாட்டுவேன்.

பாதம்வரை இறங்கிய ரத்தம் மேலே ஏறப் புவியீர்ப்பை எதிர்க்க வேண்டும். அதை மேலே தள்ளுவது கெண்டைத்தசை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி நாளங்களைப் பிழிகிறது, நாளத்துக்குள் இருக்கிற வால்வுகள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கின்றன. நீங்கள் அசையாமல் நின்றால் அந்தப் பம்ப் நின்றுவிடும். ரத்தம் தேங்கும், நீர் கசிந்து கால் வீங்கும், பாரமாகும். எட்டு மணி நேரம் நடப்பவரைவிட எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பவர் அதிகமாகத் துவண்டு போவது இதனால்தான். வருடக்கணக்கில் இப்படியே நிற்பவர்களுக்கு நரம்பு சுருட்டிக்கொள்கிற வெரிகோஸ் தொல்லைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

அதனால் அசைவை வேலையோடு முடிச்சுப் போடுங்கள். "அரை மணிக்கு ஒருமுறை பயிற்சி" என்று நினைத்துக்கொண்டால் முதல் நெரிசலிலேயே மறந்துவிடும். ஒரு பெட்டியை ஒட்டி முடித்ததும் எடையை அடுத்த காலுக்கு மாற்றுவது, ஒரு வாடிக்கையாளர் நகர்ந்ததும் குதிகாலைத் தூக்கித் தூக்கி ஐந்து தடவை இறக்குவது, இப்படி ஒரு அடையாளத்தோடு கட்டிவிட்டால் மூன்றாம் நாள் தானாக வரும். ஆளுக்கு முன்னால் குதிகாலைத் தூக்க முடியாத இடத்தில், ஷூவுக்குள்ளேயே விரல்களை மடக்கி விரிக்கலாம். யாருக்கும் தெரியாது.

முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிவைத்து நிற்காதீர்கள். மூட்டு இலேசாகத் தளர்ந்திருக்கட்டும். பூட்டினால் தசை வேலை நிறுத்திவிடும், எலும்பும் தசைநாரும் மட்டும் பாரம் சுமக்கும். வெகுநேரம் இப்படி விறைப்பாக நின்று தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு.

எனக்குப் பலித்த ஒரு தந்திரம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் வேகம் என்று புதியவர்கள் டேப், கத்தி, லேபிள் எல்லாவற்றையும் முன்னாலேயே பரப்பிக்கொள்வார்கள். நான் லேபிள் கட்டை மட்டும் மூன்று எட்டுத் தள்ளி வைப்பேன். ஒவ்வொரு பத்துப் பெட்டிக்கும் போய்வர ஆறு எட்டு. மேற்பார்வையாளர் ஒருவர் இதை ஒழுங்கீனம் என்று பார்த்து இரண்டு முறை நகர்த்தி வைத்தார். மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

9. இடைவேளை

இடைவேளை கிடைத்ததும் முதலில் உட்காருங்கள், அப்புறம் போனை எடுங்கள். நின்றபடியே போன் பார்த்து இடைவேளையைத் தீர்ப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஷூவைத் தளர்த்தி, காலை எதிர் நாற்காலியில் நீட்டுங்கள். கணுக்காலை இரண்டு பக்கமும் பத்துப் பத்து முறை சுழற்றுங்கள். அடிக்கடி கழிப்பறை போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. குடியுங்கள், அந்தச் சாக்கிலாவது நடப்பீர்கள்.

10. வீட்டுக்கு வந்ததும்

வரிசை இதுதான்: முதலில் தூக்கி வைப்பது, அப்புறம் உருட்டுவது, கடைசியில் இழுப்பது.

மல்லாந்து படுத்து, காலைச் சுவரில் சாய்த்தோ தலையணை அடுக்கியோ நெஞ்சைவிட உயரமாக 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். தேங்கியது வடிந்த பிறகு மற்றதெல்லாம் சுலபம்.

அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து பந்தை உள்ளங்காலுக்கடியில் வைத்து, குதிகாலிலிருந்து விரல்வரை மெதுவாக இரண்டு நிமிடம் உருட்டுங்கள். குதிகால் வலி உள்ளவர்கள் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மெல்லிய துணியில் சுற்றி ஐந்து நிமிடம் உருட்டலாம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு இது வேண்டாம்.

அப்புறம் கெண்டைக்கால். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையிலிருந்து எழும்பாமல் முன்னால் சாயுங்கள். முழங்கால் நேராக 30 விநாடி, பிறகு அதே நிலையில் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி 30 விநாடி. நேராக வைத்தால் மேல்தசையும் மடக்கினால் உள்தசையும் இழுபடும், இரண்டும் வேண்டும். காலுக்கு மூன்று முறை.

குதிவாதம் இருந்தால் இன்னொன்று. வலிக்கிற காலை மற்றக் காலின் மேல் போட்டு, அதன் விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்து 10 விநாடி பிடியுங்கள். உள்ளங்காலில் நார் கயிறு மாதிரி விறைப்பது தெரியும். பத்து முறை. இதைக் காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே செய்தால் முதல் அடியின் குத்தல் குறையும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். மூன்றாம் நாளே விட்டுவிடுகிறவர்கள்தான் "எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்கிறார்கள்.

சுடுதண்ணீரில் காலை ஊற வைப்பது இதமாக இருக்கும், ஆனால் வெப்பம் ரத்தக் குழாய்களை விரிப்பதால் வீங்கிய காலில் வீக்கம் கூடலாம். அன்றைக்கு வெதுவெதுப்பானதோ குளிர்ந்ததோ போதும். உப்புப் போடுவது உங்கள் இஷ்டம்.

11. தோலும் நகமும்

நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டினால் சதைக்குள் வளரும். விரலிடுக்கைத் துடைத்துக் காய வையுங்கள். வெடித்த குதிகாலுக்கு இரவில் யூரியா கலந்த கிரீம் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் தடவ வேண்டாம், அங்கே ஈரம் நின்றால் பூஞ்சை வரும்.

வேலை நடுவில் ஒரு இடம் சுடுகிற மாதிரி உரசினால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். "முடியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று விட்டால் கொப்புளம் வந்து நிற்கும். வந்த கொப்புளத்தைக் குத்தாமல் மூடிவையுங்கள், மேல்தோல்தான் அதற்குக் கட்டு. கால் ஆணியைப் பிளேடால் சீவுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அழுத்தம் இருக்கும்வரை அது திரும்ப வரும், எந்த ஷூ அங்கே அழுத்துகிறது என்று பாருங்கள்.

12. ஷூவை எப்போது மாற்றுவது

மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே நுரை செத்திருக்கும். தினமும் முழு ஷிப்ட் போடுகிற ஷூ ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தளர்ந்துவிடுவது சகஜம். எடையையும் தரையையும் பொறுத்து முன்பின் ஆகும்.

வாங்கிய அன்றைக்கே, ஷூவில் லேஸுக்கு அடியில் இருக்கிற நாக்கின் உள்பக்கம் மார்க்கரால் தேதி எழுதிவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா, குதியின் ஓரம் தேய்ந்துவிட்டதா, அடிப்பாகத்தின் பக்கவாட்டில் கிடைமட்டமாகச் சுருக்கங்கள் ஓடுகிறதா? கட்டைவிரலால் அழுத்தினால் எழும்பாமல் பள்ளமாகவே நிற்கிறதா? இவற்றில் இரண்டு இருந்தால் போதும். புதிது வாங்கப் போகும் முன், பழைய அட்டையை எடுத்துக்கொண்டு ஓடாமல், பாதத்தை இன்னொரு முறை வரைந்துகொள்ளுங்கள்.